ஆறடி மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர்? அம்பத்தூர் வீட்டில் செய்த ஒரு நிகழ்வு ஆய்வு

அக்கா வீட்டுக்காரர் போன் போட்டதும் நேராக விஷயத்துக்கு வந்தார். "மாப்ள, ரெண்டு கேனிஸ்டர் போதுமா, மூணா வாங்கிடட்டுமா?"

சென்னை அம்பத்தூரில் முதல் மாடி வீடு. ஹாலில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி. உள்ளே நான்கு டைகர் ஆஸ்கர் மீன். வாங்கி வந்தபோது சுண்டுவிரல் நீளம். இப்போது ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது, ஹாலுக்குள் நுழைந்தாலே ஒரு வாடை, மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கின்றன. கொளத்தூரில் ஒரு கடையில் கேட்டிருக்கிறார். மணிக்கு 2,000 லிட்டர் இழுக்கும் கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும், மூடிய வாளி மாதிரியான ஃபில்டர்) இரண்டு போடுங்கள், உள்ளே விலையுயர்ந்த மீடியா (பாக்டீரியா ஒட்டி வளர நிரப்பும் பொருள்) நிரப்புங்கள், ஒரே வாரத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்று சொன்னார்களாம்.

"மாமா, ரெண்டு நாள் பொறுங்க. ஞாயித்துக்கிழமை வரேன். எதுவும் வாங்கிடாதீங்க" என்றேன்.

வாளியும் செல்போனும்

முதலில் தொட்டியின் கொள்ளளவு. 6 × 2 × 2 என்றால் 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 680 லிட்டர். விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை. கீழே ஜல்லி, நடுவில் பெரிய மரக்கட்டை. உண்மையில் இருக்கும் தண்ணீர் 600 லிட்டர்தான். இனி எல்லாக் கணக்கும் இந்த 600ஐ வைத்துத்தான்.

தொட்டியின் மேல் ஒரு டாப் ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் தண்ணீரை மேலே தள்ளும். அது ஒரு நீளப் பெட்டியில் பஞ்சு, செராமிக் வளையம், கரி வழியாக இறங்கித் திரும்பத் தொட்டியில் விழும். பம்ப்பின் மேல் 'மணிக்கு 2,000 லிட்டர்' என்று அச்சடித்திருந்தது. திரும்பி விழும் குழாய்க்கு நேராகப் பத்து லிட்டர் வாளியைப் பிடித்து, செல்போனில் நேரம் பார்த்தேன். நிரம்ப 58 விநாடி ஆனது. மணிக்கு 620 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் எண், தண்ணீரை மேலே ஏற்றாமல், எந்தத் தடையும் இல்லாமல் அளந்த எண். அதை நம்பி வாங்குவது, பைக் கம்பெனி சொல்லும் மைலேஜை நம்பி பெட்ரோல் போடாமல் ஊருக்குக் கிளம்புவது மாதிரி.

அப்புறம் பஞ்சைத் தூக்கினேன். பன்னிரண்டு நாளாகக் கழுவாத பஞ்சு. வெல்லப்பாகு நிறத்தில் கொழகொழவென்று வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே உருக்குலையாத தீனி உருண்டைகள், ஊறிப்போன மலம், இரண்டு செதில். வாளித் தண்ணீரில் பிழிந்ததும் வாளி முழுக்கக் காப்பி டிக்காஷன். கழுவிப் போட்டுவிட்டுத் திரும்ப அளந்தால் 29 விநாடி. மணிக்கு 1,240 லிட்டர், சரியாக இரண்டு மடங்கு.

மாமா அதைப் பார்த்துவிட்டு, "அவ்ளோ அழுக்கையும் ஃபில்டர் எடுத்துடுச்சு பாரு" என்றார். இந்த ஆய்வே அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான். ஃபில்டர் அழுக்கை எடுக்கவில்லை. தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரிந்த இடத்திலிருந்து, தெரியாத இடத்துக்கு மாற்றி வைத்திருந்தது. தொட்டியின் மொத்தத் தண்ணீரும் இரவு பகலாக அந்தக் கொழகொழப்பின் வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சை நாம் கையால் எடுத்து வெளியே கொண்டுபோகும் வரை அழுக்கு தண்ணீரில்தான் இருக்கிறது. ஆகவே நான் பார்த்தது, எந்த ஃபில்டரைத் திறந்து அழுக்கை வெளியே எடுப்பது சுலபம் என்பதைத்தான். எத்தனை லிட்டர் இழுக்கும் என்பது அதற்கு அடுத்தபடி.

சோதனைக் குழாயில் சொட்டு விட்டுப் பார்த்தோம். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் அமோனியா 1, நைட்ரைட் 0.25, நைட்ரேட் 80ஐத் தாண்டி 160 நிறத்துக்குப் பக்கத்தில். பிஎச் 8. தண்ணீர் 30 டிகிரி. இந்த பிஎச்சிலும் சூட்டிலும் மொத்த அமோனியாவில் சுமார் 7.5 சதவீதம் மீனுக்கு நஞ்சான வடிவில் இருக்கும். பிஎச் 7 ஆக இருந்திருந்தால் 1 சதவீதம்கூட வராது. நம் போர் தண்ணீரில் அமோனியா ஒன்று என்பது சின்ன விஷயம் இல்லை.

மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேறியிருக்க வேண்டிய இவ்வளவு பழைய தொட்டியில் அமோனியா எப்படி வந்தது? "மீடியாவை எப்படிக் கழுவுவீங்க மாமா?" என்று கேட்டேன். மாதம் ஒருமுறை பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, வளையம் எல்லாம் பளிச்சென்று வெள்ளையாகும் வரை தேய்ப்பாராம். மெட்ரோ தண்ணீர் (நகரக் குழாய் நீர்), அதில் குளோரின். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அந்த வளையத்தின் மேல் ஒரு வழவழப்பாகத்தான் ஒட்டியிருக்கும். அவர் மாதாமாதம் தேய்த்துக் கழுவியது அதைத்தான். (அமோனியாவை நைட்ரோசோமோனாஸும் நைட்ரைட்டை நைட்ரோபாக்டரும் மாற்றும் என்றுதான் நாம் படித்தோம். நன்னீர்த் தொட்டியில் நைட்ரைட் வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் காட்டினார்கள். அந்த இனத்தில் சில, இரண்டு வேலையையும் ஒன்றாகவே முடிப்பது 2015இல் தெரிய வந்தது. பாட்டிலில் பாக்டீரியா வாங்குபவர்கள் லேபிளைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.)

20 கிராம் தீனி

அக்காவின் சமையலறைத் தராசைக் கேட்டு வாங்கினேன். ஒரு நாளைக்கு மாமா போடும் தீனியை அள்ளிப் போடச் சொன்னால், 20 கிராம் வந்தது. பாக்கெட்டில் புரதம் 40 சதவீதம் என்று இருந்தது.

தண்ணீரைச் சுழற்றிச் சுழற்றிப் பயன்படுத்தும் மீன் பண்ணைகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: தீனியின் எடை, அதில் புரதத்தின் பங்கு, 0.092, இந்த மூன்றையும் பெருக்கினால் ஒரு நாளில் உண்டாகும் அமோனியா நைட்ரஜன். நம் தொட்டிக்கு 0.74 கிராம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் இருக்கும் பாக்டீரியா நாளொன்றுக்கு 0.2 கிராமைக் கவனிக்கும் என்று கையை இறுக்கியே வைத்துக்கொள்வோம். 4 சதுர மீட்டர் போதும். கே1 என்று விற்கும் பிளாஸ்டிக் சக்கர மீடியாவில் லிட்டருக்கு அரை சதுர மீட்டர் பரப்பு. அதாவது 8 லிட்டர் மீடியா. ஒரு சின்ன வாளி!

கடைக்காரர் சொன்ன பட்டியலில் மூன்று வகை மீடியா, மொத்தம் முப்பது லிட்டருக்கு மேல். அதன் விலையைக் கேட்டால் அக்கா தொட்டியையே விற்கச் சொல்லியிருப்பாள். பாக்டீரியாவுக்கு வேலை குறைவாக இருக்கும்போது வீடு பெரிதாகக் கட்டிக் கொடுப்பதால் மக்கள்தொகை கூடாது. தீனி எவ்வளவோ, அவ்வளவுதான் பாக்டீரியா.

நைட்ரேட் கதை வேறு. அந்த 0.74 கிராம் நைட்ரஜன் கடைசியில் 3.3 கிராம் நைட்ரேட்டாகும். 600 லிட்டரில் நாளுக்கு லிட்டருக்கு 5.5 மில்லிகிராம், வாரத்துக்கு 38. இதை டாப் ஃபில்டரும் எடுக்காது, கேனிஸ்டரும் எடுக்காது. தண்ணீரை மாற்றித்தான் ஆகவேண்டும். வாரம் பாதித் தண்ணீரை மாற்றினாலும் 76க்கும் 38க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். 2019 கோடையில் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊரில், வாரம் 300 லிட்டரை மீனுக்கு மாற்றுவது பற்றிப் பேசவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மாமா வீட்டில் போர் இருக்கிறது. அந்தத் தண்ணீரைச் சோதித்ததில் நைட்ரேட் 10க்குக் கீழே. மாற்றிய தண்ணீர் மாடித் தொட்டிச் செடிகளுக்குப் போகிறது, அதனால் மனசு ஆறியது.

அன்றே செய்த முதல் மாற்றத்துக்குக் காசே ஆகவில்லை. தீனியை 20லிருந்து 12 கிராமாகக் குறைத்தோம். "பட்டினி போடறியேடா" என்றாள் அக்கா. ஆஸ்கர் எவ்வளவு போட்டாலும் கண்ணாடியில் முட்டிக்கொண்டு கெஞ்சும். அந்தக் கெஞ்சலுக்கு இரங்கிக் கூடுதலாகப் போட்ட 8 கிராம்தான் மாமாவைக் கொளத்தூர் வரை அனுப்பியது.

என்னென்ன வழி இருந்தது

உள்ளே வைக்கும் பவர் ஃபில்டரும், விளிம்பில் தொங்கும் வகையும் இந்த அளவுக்குச் சரிப்படாது, விட்டுவிடலாம்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரை மட்டமாக நினைக்காதீர்கள். ஒரு ஏர் பம்ப்பில் நான்கைந்து ஓடும், கெட்டுப்போக உள்ளே எதுவும் இல்லை, காற்றும் கொடுக்கும். 30 டிகிரித் தண்ணீரில் அதிகபட்சம் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் நிற்கும். கோடையில் பெரிய மீனுக்கு அந்தக் குமிழி முக்கியம். ஆனால் ஆஸ்கரின் கழிவு ஸ்பாஞ்ச் பிடிக்கும் அளவில் இல்லை.

டாப் ஃபில்டரை நல்ல பஞ்சோடு, மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவி ஓட்டியிருந்தால் பாதிப் பிரச்சினை வந்தே இருக்காது. பணம் இறுக்கமாக இருந்திருந்தால் நான் இதையே இரண்டாக்கச் சொல்லியிருப்பேன்.

கேனிஸ்டர் பார்க்க அழகு. சத்தம் கிடையாது, ஸ்டாண்டுக்குள் மறைந்துவிடும். மாமாவுக்கு அதில்தான் ஆசை. எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, திறக்கும் வேலை. வால்வை மூடி, குழாயைக் கழற்றி, தண்ணீரோடு பதினைந்து கிலோ வாளியைப் பாத்ரூமுக்குத் தூக்கி, கழுவி, ரப்பர் வளையத்தைச் சரியாக உட்கார வைத்து, திரும்ப நீர் இழுக்க விடுவதற்குள் முக்கால் மணி நேரம். இரண்டு கேனிஸ்டர் என்றால் ஒரு ஞாயிறு காலை. முதல் மாதம் ஆர்வமாகச் செய்வார். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அந்த மூன்று மாதமும் கழிவு உள்ளேயே ஊறும்.

இரண்டாவது தயக்கம், கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போனால் மதியம்தான் வரும். மூடிய வாளிக்குள் பாக்டீரியா மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும். புதுத் தண்ணீர் வராததால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து, உள்ளே அழுக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அந்த அழுகிய தண்ணீர் நேராகத் தொட்டிக்குள். ஆளில்லாத வீட்டில் இது நடந்தால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

மிச்சம் இருந்தது சம்ப். சென்னையில் சம்ப் என்றதும் தரைக்கடியில் மெட்ரோ தண்ணீர் பிடிக்கும் தொட்டிதான் நினைவுக்கு வரும், அக்காவும் "எங்கடா தோண்டப் போற?" என்றுதான் கேட்டாள். இது ஸ்டாண்டுக்குள் வைக்கும் இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேல் தொட்டியில் வழியும் தண்ணீர் குழாய் வழியே இதில் இறங்கும். பஞ்சு, ஸ்பாஞ்ச், மீடியா அறைகளைக் கடந்து கடைசி அறைக்கு வரும். அங்கிருந்து பம்ப் மேலே ஏற்றும். எல்லாம் திறந்தே இருப்பதால் கரண்ட் போனாலும் மூடிய கேனிஸ்டர் மாதிரி சட்டென்று அழுகாது. பஞ்சு கைக்கு எட்டும் இடத்தில், கதவைத் திறந்தால் முன்னாலேயே இருக்கும். அதை மாற்ற இரண்டு நிமிடம்.

சம்ப்பின் ஆபத்தும் எனக்குத் தெரியும். பழைய வீட்டில் என் நாலடித் தொட்டியில், மேலே திரும்பும் குழாயின் வாயைத் தண்ணீருக்குள் ஒரு சாண் அமிழ்த்தி வைத்திருந்தேன், சத்தம் வரக்கூடாதென்று. இரவு கரண்ட் போனது. பம்ப் நின்றதும் அதே குழாய் திரும்பி உறிஞ்ச ஆரம்பித்து, வாய் வெளியே தெரியும் வரை தொட்டித் தண்ணீரைக் கீழே இறக்கியது. சம்ப் நிரம்பி வழிந்து, விடியற்காலையில் கால் வைத்தால் ஹால் முழுக்கத் தண்ணீர். உறிஞ்சலை உடைக்கக் குழாயில் சின்ன ஓட்டை போட்டுத்தான் இருந்தேன். அதில் பாசி அடைத்திருந்தது.

ஆறடித் தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 11 லிட்டர். அந்த 11ஐ மறக்காமல் வைத்துக்கொண்டுதான் சம்ப் அளவை முடிவு செய்தோம்: 3 அடி நீளம், 15 அங்குல அகலம், 16 அங்குல உயரம், கொள்ளளவு 140 லிட்டர். ஓடும்போது 9 அங்குலம்தான் தண்ணீர், சுமார் 80 லிட்டர். மேலே 60 லிட்டருக்கு இடம் காலி. திரும்பும் குழாயின் வாய் தண்ணீருக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழேதான். கரண்ட் போனால் குழாயில் இருப்பதையும் சேர்த்து முப்பது லிட்டர் இறங்கும். பாசி ஓட்டையை அடைத்தாலும் அவ்வளவுதான்.

முதல் மாடி என்பதால் எடையையும் பார்த்தோம். சம்ப்பையும் சேர்த்துத் தண்ணீர் 680 கிலோ, 12 மி.மீ. கண்ணாடி மட்டும் 120 கிலோ, ஸ்டாண்ட், ஜல்லி எல்லாம் சேர்த்து ஒரு டன்னை நெருங்கும். தொட்டி பீமுக்கு மேலே, சுவரை ஒட்டி நிற்கிறது; வீடு கட்டிய என்ஜினியரிடம் மாமா முன்பே கேட்டிருந்தார். திரும்பவும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொண்டார்.

துளை போட்ட ஞாயிறு

தண்ணீர் வழிந்து இறங்கக் கண்ணாடியில் துளை வேண்டும். டஃபன் செய்த (சூடாக்கிக் கடினப்படுத்திய) கண்ணாடியில் ட்ரில் பட்டால் முழுக் கண்ணாடியும் கல்கண்டு மாதிரி நொறுங்கிவிடும். தொட்டி செய்தவர் சாதாரணக் கண்ணாடிதான் என்றார். இருந்தாலும் போலரைஸ்டு கூலிங்கிளாஸைப் போட்டு, ஒரு பக்கம் லேப்டாப் திரையின் வெளிச்சத்தை வைத்துப் பார்த்தோம். டஃபன் செய்திருந்தால் திட்டுத்திட்டாகக் கோலம் தெரியும். தெரியவில்லை.

மீன்களை மூடி போட்ட இரண்டு நீல டிரம்மில், டிரம்முக்கொரு ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு மாற்றினோம். பழைய செராமிக் வளையங்களும் அதே தண்ணீரில், டிரம்முக்குள். காலித் தொட்டியை நான்கு பேர் சேர்ந்து ஓரடி முன்னே நகர்த்தினோம். தண்ணீரும் கரண்டும் ஒன்றாக வேண்டாம் என்று பேட்டரி ட்ரில், வைரத்தூள் வட்டப் பிட். நான் அழுத்தாமல் பிடித்துக்கொள்ள, மாமா விடாமல் தண்ணீர் பீய்ச்சினார். வெள்ளைச் சேறு வழிந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு நிமிடம் கழித்து ஒரு கண்ணாடி வட்டம் உள்பக்கம் போட்டிருந்த துண்டில் 'தொப்'பென்று விழுந்தது. மாமா அப்போதுதான் மூச்சு விட்டார்.

இரண்டு துளை. ஒன்று வேலைக்கு, கீழே கேட் வால்வோடு. இன்னொன்று சற்று உயரத்தில், முதலாவது அடைத்தால் மட்டும் தண்ணீர் இறங்குவதற்கு. இந்த இரண்டாவது துளையைச் செலவென்று நினைத்து விடாதீர்கள். ஒரு இலையோ மீன் செதிலோ குழாயை அடைத்தால், பம்ப் பாட்டுக்கு மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும்.

சம்ப்பின் முதல் அறையில் இரண்டு தட்டுப் பஞ்சு, அடுத்து சொரசொரப்பான ஸ்பாஞ்ச், மூன்றாவதில் பழைய வளையங்களும் பத்து லிட்டர் கே1உம். ஒரு கடையில் பவளத் துண்டுகளையும் போடச் சொன்னார்கள். நம் போர் தண்ணீருக்கே போதுமான கடினத்தன்மை உண்டு. தவிர, பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. தொடவில்லை. பம்ப் 45 வாட். இரண்டு மாத பில்லில் 65 யூனிட். பழைய இன்வெர்ட்டரில் போட்டால் பம்ப் உறுமுகிறது, அதனால் இன்வெர்ட்டரில் ஏர் பம்ப் மட்டும். டிரம்மில் இருந்த இரண்டு ஸ்பாஞ்சையும் தொட்டியின் மூலையிலேயே விட்டுவிட்டோம்.

ஆறு வாரம் கழித்து

முதல் வாரம் அமோனியா 0.25 காட்டியது, தீனியை இன்னும் பாதியாக்கினோம். மூன்றாவது வாரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். அதன் பிறகு பழையபடி 12 கிராம். ஆறாவது வாரம், தண்ணீர் மாற்றுவதற்கு முன் நைட்ரேட்டின் நிறம் 40ஐ ஒட்டி நின்றது. கணக்கில் வந்தது 45. பஞ்சைப் புதனும் ஞாயிறும் மாற்றுகிறார்கள். ஸ்பாஞ்சும் மீடியாவும், மாற்றும்போது எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசப்படுகின்றன. மெட்ரோ தண்ணீர் ஊற்ற வேண்டி வந்தால், குளோரினை முறிக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போட்ட பிறகுதான். அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருந்த அதே ஹைப்போ.

முதல் இரண்டு நாள் குழாய் 'களக் களக்' என்றது. "பக்கத்து வீட்டு பாத்ரூம் மாதிரி இருக்குடா" என்றாள் அக்கா. கேட் வால்வைக் கால் திருப்பு திருப்பாக மூடி, குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து ஓடும் இடத்தில் நிறுத்தியதும் சத்தம் அடங்கியது.

நான் கோட்டை விட்டது ஒன்று உண்டு. ஆவியாகும் தண்ணீர் மேல் தொட்டியில் குறைந்து தெரியாது. மொத்தக் குறைவும் பம்ப் இருக்கும் கடைசி அறையில்தான் தெரியும். அந்த அறை எட்டு அங்குல நீளம். நாளுக்கு மூன்று லிட்டர் போனால் அங்கே நான்கு சென்டிமீட்டர் இறங்கிவிடும். கும்பகோணத்தில் ஒரு கல்யாணம் என்று நான்கு நாள் போய்விட்டார்கள். எதிர்வீட்டுப் பாட்டி மறக்காமல் தீனி போட்டார். தண்ணீர் ஊற்றவேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டு 'உஸ் உஸ்'ஸென்று இரைந்துகொண்டிருந்தது. நல்ல வேளை, எரியவில்லை.

அடுத்த வாரம் வாட்டர் ப்யூரிஃபையர் சாமான் கடையில் ஒரு சின்ன மிதவை வால்வு வாங்கி, இருபது லிட்டர் குடிதண்ணீர் கேனோடு இணைத்து அந்த அறையில் மாட்டினோம். வால்வு சிக்கிக்கொண்டாலும் இருபது லிட்டருக்கு மேல் இறங்காது; காலியாக விட்ட அறுபது லிட்டரில் அதற்கு இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் கேன் போடும் தம்பியிடம் அக்கா இப்போது மூன்று கேன் சொல்கிறாள், இரண்டு வீட்டுக்கு, ஒன்று மீனுக்கு.